மேசையின் வயிறு

சுகாதார மையத்தில் கொடுத்த படிவத்தில்
இரண்டு மனிதர்கள்.
ஒருவன் முன்பக்கம் காட்டி நிற்கிறான், மற்றவன் முதுகு.
இருவருக்கும் முகமில்லை, நகமில்லை,
நாற்காலியும் இல்லை.
வலிக்கிற இடத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னார்கள்.
போட்டுக்கொண்டே போனேன்.
கழுத்து. இடது தோள்பட்டை. இடுப்புக்குச் சற்று மேலே.
மவுஸ் பிடிக்கும் மணிக்கட்டு.
இருபத்து நான்கு வயதில்
முட்டியில் குறி வைக்கக் கூச்சமாக இருந்தது.
வைத்தேன்.

“ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய்?”
நிற்கிற நேரத்தைச் சொல்வது சுலபம் என்றேன்:
சனிக்கிழமை மெட்ரோவில், ராஜீவ் சௌக் வரை.
மருத்துவர் சிரிக்கவில்லை.
ஒரு லிங்க் அனுப்பினார்.
வாரம் ஐந்து நாள், காலை ஆறரை, எட்டு வாரம்.

விஜய் நகர், மூன்றாவது மாடி.
கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே
பாய் விரித்தால் ஓரம் சுவரேறி மடங்கும்.
“கைகளை அகல விரியுங்கள்” என்கிறார் வர்த்திகா மேடம்.
அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு மணிபிளான்ட்,
அகலம் என்றால் என்னவென்று தெரிந்த வீடு.
என் இடது கை அலமாரியைத் தட்டுகிறது,
வலது கை காய்கிற ஜீன்ஸை.

நவம்பர். டெல்லி.
ஜன்னலைச் சாத்தி, இடுக்கில்
பழைய டீ-ஷர்ட் செருகியிருக்கிறேன்.
“ஆழமாக இழுங்கள், புதுக் காற்று உள்ளே போகட்டும்.”
முப்பத்தோரு சதுரங்களில் யாரோ இருமுகிறார்கள்.
இன்னொருவர் இருமுகிறார்.
மேடம் கொஞ்சம் நிறுத்தி,
“சரி, முடிந்த அளவுக்கு” என்கிறார்.
அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

கேமரா அணைத்த சதுரங்களில் வெறும் பெயர்கள்.
ஃபர்ஹீன். டி. லால்ரின்பூயி. ஐபோன் 11.
யார் வளைகிறார்கள், யார் போர்வைக்குள் படுத்து
மற்றவர் வளைவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்,
தெரியாது.
இரண்டு விதமாகவும் நான் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம், வியாழன்.
கை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலை தொங்க
நாய் சோம்பல் முறிப்பதுபோல் நின்றபோது
மேடத்தின் குரல் “ஐந்து… நா…” என்று நின்றது.
நெட் போய்விட்டது.
நான்கு வராமல் மூன்று வராது.
இறங்கச் சொல்ல யாருமில்லை.
தொடை நடுங்குகிறது. கீழ் வீட்டில் குக்கர் கூவுகிறது.
பக்கத்து அறையில் மனோரஞ்சன்
தூக்கத்திலேயே ஒடியாவில் யாரையோ அதட்டுகிறான்.

அக்குள் வழியாக, தலைகீழாக,
அப்போதுதான் பார்த்தேன் மேசையின் அடிப்பலகையை.
இரண்டு வருடமாக அதன் மேல் கவிழ்ந்து கிடக்கிறவன்
ஒருமுறைகூட அதன் வயிற்றைப் பார்த்ததில்லை.
பென்சில் கோடுகள்.
நான்கு நிமிர்ந்து, குறுக்கே ஒன்று சாய்ந்து.
மறுபடி நான்கு, ஒன்று.
யாரோ மல்லாந்து கிடந்து எண்ணியிருக்கிறார்.
எதை?
பரீட்சைக்கு மிச்சமிருந்த நாட்களையா, தண்டாலையா,
வீட்டுக்குப் போன் பண்ணாத ஞாயிறுகளையா?
முதுகு வலிக்கிறவன்தான் இந்தத் தரையில் மல்லாந்து கிடப்பான்,
அது மட்டும் எனக்குத் தெரியும்.
கடைசிக் கட்டில் மூன்றே கோடு.

முட்டி மடக்கி இறங்கினேன். மல்லாந்தேன்.
பென்சில் இல்லை. கைக்கெட்டியது மஞ்சள் ஹைலைட்டர்.
நான்காவதைப் போட்டேன்.
என்ன கணக்கென்று தெரியாமல்
அடுத்தவர் கணக்கில் கை வைத்தது தப்புதான்.

நெட் வந்தபோது எல்லோரும் சவாசனத்தில் இருந்தார்கள்.
நானும் அப்படித்தான் கிடந்தேன்,
முன்கூட்டியே.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. திங்கட்கிழமை போனேன்.

எட்டாம் வாரம் அதே படிவம், அதே இரண்டு பேர்.
கழுத்துக்கு ஆறு என்று எழுதினேன், முன்பு ஏழு.
மணிக்கட்டு அப்படியே.
முட்டி, இந்தமுறை வலது மட்டும்.
“மேசை, நாற்காலி எல்லாம் சரியான உயரமா?” என்றார் மருத்துவர்.
மேசையைப் பார்த்துவிட்டேன் என்றேன்,
நாற்காலிக்கு அடியில் இன்னும் பார்க்கவில்லை.