பின்சீட்டு வரை

பஸ்ஸுக்கு மூன்று படிகள்தாம்.
முதல் படி மட்டும் கொஞ்சம் உயரம்,
வரைந்தவனுக்கு முட்டி வலித்ததில்லை போல.

காலையில் முப்பத்தொரு பிள்ளைகள்,
மதியம் அதே முப்பத்தொன்று.
இறங்கி, கைபிடித்து, சாலை கடத்தி,
காவலாளியிடம் ஒப்படைத்து, மறுபடி ஏறி.
மொத்தம் எத்தனை படி என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்.
பாதியில் விட்டுவிட்டேன்,
கூட்டக் கூட வலித்தது.

ஷார்ஜா ரோலாவில் மருந்துக்கடை.
ஸ்மினு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள்.
உறைபோல் இழுத்துப் போடுவது முப்பத்தைந்து திர்ஹாம்.
சுற்றி ஒட்டுவது, சில்லுக்கு நேரே ஓட்டை வைத்தது, அறுபது.
இருபுறமும் இரும்புக் கீல் போட்டது நூற்றெண்பது;
அது
கதவுக்கு வாங்குவது போலிருந்தது.

"சைஸ் என்ன சேச்சி?"
எனக்குச் செருப்பு சைஸ் தெரியும்.
"சில்லுக்கு மேலே நாலு விரல் விட்டு,
நின்னு அளக்கணும்.
உட்கார்ந்தா அளவு பொய் சொல்லும்."
டேப்போடு கவுண்டரைச் சுற்றி வந்தாள்.
இருமல் மருந்துக்கு நாலு ஆண்கள் நின்றிருந்தார்கள்.
நாளைக்கு வர்றேன் என்று நடந்தேன்,
வாசல்வரை நொண்டாமல்.

ராத்திரி குளியலறையில் நின்று
சார்ஜர் வயரைத் தொடையில் சுற்றி
முனை தொட்ட இடத்தில் கண்மை வைத்தேன்.
வீங்கிய காலுக்கு ஒன்று. நல்ல காலுக்கு ஒன்று.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கட்டைவிரல் அகலம்.
ஏழு வருஷம் அவ்வளவுதான் இருக்கிறது.

வெளியே வந்தால் மேல் கட்டிலிலிருந்து ஜெசிந்தா:
"என்னக்கா, சார்ஜருக்குத் திருஷ்டிப் பொட்டா?"

ஸ்மினு சிரிக்கவில்லை.
வயரை டேப்பில் வைத்து "லார்ஜ்" என்றாள்.
இரும்பு வேண்டாம், உங்களுது நழுவுற முட்டியில்லை, தேயற முட்டி.
உறை மலிவுதான்,
செப்டம்பர் வெயிலில் உள்ளே வெந்துபோகும்.
ஒட்டுறதை எடுங்க, உட்கார்ந்தா தளர்த்தலாம்.
இரண்டு விரல் நுழையணும். மரத்துப்போனா கழற்றிடணும்.
டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.
டாக்டருக்கு ஒருநாள் லீவு,
லீவுக்கு ஒருநாள் சம்பளம்.
தலையாட்டினேன்.
அறுபதை ஐம்பத்தைந்துக்குத் தந்தாள்.

முதல் நாள் ஏறும்போது
யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையால்
முட்டியைத் தாங்கியது போலிருந்தது.
வலி போகவில்லை.
நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டது.

மதியம் அல் நஹ்தா சிக்னலுக்குள்
கேஜி பிள்ளைகள் பாதி தூங்கிவிடும்.
என் கையில் எச்சில் ஒழுக ஒருத்தி.
சொன்னபடி பட்டையைத் தளர்த்தினேன்.

சர்ர்ர்ர்.

ஆறு தலைகள் எழுந்தன. மூன்று அழுதன.
டிரைவர் குல்ஸமான்
டயர்தான் போச்சென்று பிரேக்கை மிதித்தார்.

எந்தப் பெட்டியிலும் இதைப் போடவில்லை.

அன்றிலிருந்து தளர்த்துவதில்லை.
வேர்வை ஊறி, பட்டையின் கட்டங்கள் தோலில் பதிய,
கடைசிப் பிள்ளை இறங்கும்வரை இறுக்கியேதான்.

பிறகு டிப்போ.
எஞ்சின் அணைந்ததும் அலாரம் அலறும்.
பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனை
யாராவது நடந்துபோய் அழுத்தணும்.
"பெஹன், நான் போறேனே" என்பார் குல்ஸமான்.
நல்ல மனுஷர். சீட்டை மட்டும் பார்ப்பார்,
அடியில் குனிய மாட்டார்.

நான் குனிவேன்.
தண்ணீர் பாட்டில். ஒற்றை சாக்ஸ். பாதி கடித்த ஆப்பிள்.
ஒரு தடவை, பழைய வண்டியில், ஒரு கை.
கையோடு சேர்ந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டு, ஹம்தான்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
அன்று என் இரண்டு முட்டியும் நன்றாயிருந்தன.
வலித்திருந்தால் குனிந்திருப்பேனா என்று
யாரும் கேட்டதில்லை.
நான்தான் கேட்டுக்கொண்டு
ஒவ்வொரு சீட்டாகக் குனிகிறேன்.

பட்டனை அழுத்தினேன். அலறல் நின்றது.
பின்சீட்டில் உட்கார்ந்து, காலை நீட்டி,
பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு.

சர்ர்ர்ர்.

யாரும் எழவில்லை.