நிகே

தெட் வெய் எல்லை தாண்டிப் போன வாரம்
பட்டறையில் மழுங்கிக் கிடந்த கட்டர்கள் பதினேழு.
புதிது வாங்கலாமென்றால்
கடைக்காரன் காலையில் ஒரு விலை சொல்கிறான்,
கரண்ட் வந்ததும் இன்னொரு விலை.

மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் சாணை யந்திரம்.
தாக்கேத்தாவில் இந்தக் கூரைக்குக் கீழே
பதினொரு வருடம் கணக்கெழுதியிருக்கிறேன்.
அது என் முதுகுக்குப் பின்னால் ஓடியது.
குரல் தெரியும்,
முகம் இப்போதுதான் பார்க்கிறேன்.

உடம்பெல்லாம் ஜப்பான் எழுத்து.
ஒவ்வொரு திருகுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
எனக்கு எல்லாம் எறும்புக்கால்.

கல்லின் முகத்தைச் சீவ ஒரு வைரம் இருந்தது,
மூக்குத்திக் கல்லைவிடச் சிறிது,
மினுக்கம் இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி.
பல்லைத் தாங்க எஃகில் ஒற்றை விரல்.
அந்த விரலைவிட்டுப் பள்ளம் விலகாமல்
கட்டரைத் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும்.
முறுக்குப் பிழிந்த கைதானே என்று நினைத்தேன்.
இரண்டு நாள், மணிக்கட்டு
சோற்றைக்கூடப் பிசைய மறுத்தது.

முதல் கட்டர் பளபளவென்று வந்தது.
ஓரத்தில் மயில்கழுத்து நீலம்.
அழகாயிருக்கிறதே என்றேன்.
கோ ச்சோ லின் ஒன்றும் சொல்லாமல்
வாங்கி மில்லிங்கில் மாட்டினார்.
இரும்பு அலறியது. எண்ணெய் புகைந்தது.
கையால் புகையை விலக்கிக்கொண்டு
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
"அமா, இது வெட்டலே. தடவுது."

அந்த நீலம் எரிந்த நிறமாம்.
அதையும் அவர்தான் சொன்னார், மறுநாள்.

தகட்டில் எண்கள் மட்டும் எனக்குத் தெரிந்தவை.
இருபத்தைந்து மில்லி கட்டருக்கு 1.09.
எண் என் தொழில், அதை நம்பினேன்.
விரலை நடுவிலிருந்து அவ்வளவு தூரம்
மேலே ஏற்றி வைத்திருந்தேன்.

வள்ளிக்கண்ணு, பள்ளிக்கூடத்தில் சூ மோன்,
ஜப்பான் பரீட்சைக்குப் படிப்பவள்,
சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள்.
போன் வெளிச்சத்தைத் தகட்டில் அடித்தாள்.
"இதும்மா, பக்கத்துல இருக்கே, மூணு கோடு.
ஒண்ணு படுத்து, ஒண்ணு தொங்கி, ஒண்ணு சாஞ்சு.
கீழேன்னு அர்த்தம்."

மூன்றே கோடு.
ஒன்பது கட்டரைக் கெடுத்திருந்தேன்.

"இது சுகுய். காப்பாத்துறது.
இல்ல, இரு, கரண்டியால அள்ளுறதும் சுகுய்தான்.
எந்தச் சுகுய்னு இதுல போடல.
இது நிகே. தப்பிச்சு ஓடுறது.
ஓடுற கோணம்."
சிரித்தாள். "இரும்பு எங்கம்மா ஓடும்?"

ஓடத்தான் வேண்டும்.
விளிம்புக்குப் பின்னால் நிற்கும் இரும்பு
ஐந்து பாகை சாய்ந்து விலகிக்கொள்ள வேண்டும்.
விலகாமல் ஒட்டி நின்றால்
விளிம்பு எதையும் தொடாது.
பின்னால் நிற்பதுதான் போய் உரசும்.

இதை அவளிடம் சொல்லவில்லை.
விரலைக் கீழே இறக்கினேன், 1.09.
நீல மசியைப் பல்லில் தடவி
மூச்சைப் பிடித்து இழுத்தேன்.
பொறி சின்னதாக, ஒரே சீராக விழுந்தது.
மசி ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு
வெள்ளையாய் அழிந்தது.
இரண்டாவது பல். மூன்றாவது.

நான்காவதில் கரண்ட் போயிற்று.

கட்டரை வெளியே இழுத்துவிட்டேன்.
கல் மட்டும் இருட்டில் சுற்றிக்கொண்டிருந்தது,
சத்தம் மெலிந்து மெலிந்து.
தெருவில் ஒவ்வொரு ஜெனரேட்டராக உயிர் பெற்றது.
எங்களிடம் டீசல் இல்லை.

நகத்தில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று பல் பிடித்தது, ஒன்று வழுக்கியது.
"பரீட்சை எப்ப?"
"ஜூலை. முதல் ஞாயிறு."
அதற்கப்புறம் எப்போது என்று கேட்கவில்லை.
அவள் தூக்கைத் திறந்து, கத்தரிக்காய்க் குழம்பு
ஆறிப்போச்சு என்றாள்.

போன் வெளிச்சம் அணைவதற்குள்
தகட்டில் மூன்று கோட்டுக்குப் பக்கத்தில்
மார்க்கரால் எழுதினேன்: கீழே.
நிகேக்குப் பக்கத்தில் என்ன எழுதுவதென்று
கொஞ்ச நேரம் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.
பிறகு எண்ணை மட்டும் போட்டேன்.
ஐந்து.