நிழலுண்ணி

மன்னவனூர்ச் சோதனைச் சாவடியில்
இரவுப்பணி எனக்கு.
வண்டிப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
ஆறாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாளின் பெயர் நிழலுண்ணி.
ஒவ்வொரு வீச்சுக்கும்
வீசியவன் நிழலில் ஒரு விரற்கடை தின்னும்.
முதல் பாகத்தில் மாறவேளுக்கு
குளத்தின் அக்கரை தொடும் நிழல் இருந்தது.
இப்போது சாயுங்காலத்திலும்
செருப்பளவுக்கு மேல் இல்லை.
"உச்சிவெயில் வருது" என்று
பிள்ளைகள் அவனைக் கண்டு ஓடுகின்றன.

கடைசி பஸ் கண்டக்டர் நல்லகாமுதான் என் வாசகர்.
தாள்களைப் பணப்பையில் செருகிக்கொண்டு போவார்,
பூம்பாறையில் டீ ஆறுவதற்குள் படித்துவிடுவார்.
"வாள்னா அதிகாரம். அதானே சார்?"
விசிலை வாயில் வைக்குமுன் கேட்பார்.
பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று
நான் என்ன சொல்ல.
எழுதத் தொடங்கியபோது
எனக்கு அது வெறும் வாள்.

மூலையில் பறிமுதல் அரிவாள்கள்,
சீகை விறகுக்குப் போனவர்களிடம் வாங்கியவை.
பிடியில் அட்டை, அட்டையில் எண்.
பதினேழின் கனம் கைக்குப் பிடித்திருந்தது.
மாறவேள் எப்படி ஓங்குவான் என்று பார்க்க
பல்பு வெளிச்சத்தில் ஓங்குவேன்.
சுவரில் என் நிழலும் ஓங்கும்.
அளந்து பார்த்ததில்லை.

நேற்று சிலம்பாயி வந்தாள், அபராத ரசீதோடு.
பதினேழை வாங்கி
கட்டைவிரல் நகத்தில் உரசினாள்.
"என்னத்த வெட்டுனீக இத வச்சு?"
ஒன்றும் வெட்டவில்லை,
சும்மா பிடித்துப் பார்த்தேன் என்றேன்.
"சும்மா பிடிச்சுப் பாக்குறதுக்கா
கெவர்மெண்டு சம்பளம் குடுக்குது?"
சிரிக்கவில்லை அவள்.

அதற்குள் பள்ளத்திலிருந்து பனி ஏறிவிட்டது.
தடுப்புக்கட்டைக்கு நிழல் இல்லை.
அவளுக்கு இல்லை, அரிவாளுக்கு இல்லை,
ஜீப்பில் வந்து இறங்கிய ரேஞ்சருக்கும் இல்லை.
இந்த மலையில் பிறந்திருந்தால்
மார்கழி முழுக்கப் பட்டினி கிடந்திருக்கும்
என் வாள்.

இரவு மாறவேளை மலையேற்றினேன்.
எரிமலை வேண்டாம், கடல் வேண்டாம்,
வாளை உருக்க ஒரு தெய்வமும் வேண்டாம்.
பனிக்குள் ஒரு சாவடி.
கேட்டார்கள், கொடுத்தான்.
ரசீது வாங்க மறந்து நடந்தான்.

அட்டை கட்டி எழுதினேன்:
எண் பதினெட்டு. வாள், ஒன்று.
பிடியில் கறை.
உரியவர் இதுவரை வரவில்லை.

நல்லகாமு படித்தார்.
இந்த முறை அர்த்தம் கேட்கவில்லை.
"வெயில் அடிச்சதும் வருவான் சார்" என்றார்.