கடலை வெண்ணெய்க் குச்சிகள்

ஹைலோவில் மழை ஒரு மணி நேரம் நிற்பது
அதிசயம்.
நின்ற அன்று
நாற்பது சாப்ஸ்டிக் குச்சிகளின் நுனியில்
கடலை வெண்ணெய் தடவினேன்,
கண்ணுக்கு மை இடுகிற அளவுதான்.
மாமரக் கவட்டையில் ஒன்று.
இஞ்சிப் புதரில் இரண்டு.
பூனையின் சோற்றுத் தட்டருகே ஒன்று.
வேலியோரம் மட்டும் பன்னிரண்டு.
என் சந்தேகம் வேலியோரம்தான்.

எறும்பும் தன் கையால் எண் சாண்.
ஆனால் இந்த எறும்புக்குப் பக்கத்தில்
எள் ஒரு பாறை.
காய்ந்த ஆரஞ்சுத் தோலின் நிறம்.
அவசரமே கிடையாது, மெல்லத்தான் நடக்கும்.
காற்றடித்தால் கிளையிலிருந்து உதிரும்,
நேராகச் சட்டைக் காலருக்குள்.
அப்புறம் மூன்று நாள்
கழுத்தை யாரோ அடுப்பில் வைத்தது போல.

மோச்சிக்குக் கண்ணிலேயே கொட்டிக் கொட்டி
பால் சொட்டிய மாதிரி வெள்ளை விழுந்துவிட்டது.
இப்போது அது என்னைக்
காதால் பார்க்கிறது.

குச்சிகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டு
ஃப்ரீசரில் வைத்தேன்,
சூரை மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவே.
மறுநாள் ஆய்வகத்தில்
ஹினானோ என்ற பெண் லென்ஸ் வழியே எண்ணினாள்.
"இருபத்தெட்டில் இருக்கிறது.
வேலியோரம் பன்னிரண்டிலும்.
ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து. எட்டுத் தடவை.
ஒன்றையும் விடக் கூடாது."
பேனாவை மூடினாள்.
"பக்கத்து வீட்டிலும் அடிக்க வேண்டும்."

பக்கத்து வீடு ஃபுர்டாடோ.
ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
அவருடைய பன்றி
என் சேப்பங்கிழங்குப் பாத்தியைக் கிளறியது.
பிறகு அந்தப் பன்றியைக் காணவில்லை.
யார் வீட்டு அடுப்பில் முடிந்தது என்பதை
இன்றும் நான் சொல்வதாக இல்லை.

வேலிக்கு மேலே பன்னிரண்டு பைகளையும்
தூக்கிக் காட்டினேன்.
அவர் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் திரும்பி நின்று
காலரை இறக்கினார்.
பின்கழுத்து முழுக்கத் தடிப்பு.

சோள எண்ணெய், தண்ணீர், கடலை வெண்ணெய், விஷம்.
என் மிக்ஸி. அவருடைய தெளிப்பான்.
அவர் மரங்களின் கொண்டைக்கு அடித்தார்,
நான் குழாயைப் பிடித்தேன்.
இலைகளில் பழுப்புப் பிசின் ஒட்டி
தோட்டம் முழுக்கப்
பள்ளிக்கூடத்துச் சாண்ட்விச் வாசனை.
பேசியது நாலே வார்த்தை:
இடது. மேலே. போதும். மழை.
இரவில் கோக்கித் தவளைகள்
எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கத்தின.

இரண்டாவது தடவை மழை எல்லாவற்றையும் கழுவியது.
திரும்ப அடித்தோம்.
மூன்றாவதில் அவர் முட்டைக்கோஸ் கொண்டுவந்தார்.
நான் வாங்கிக்கொண்டேன்,
நன்றி சொல்ல மறந்ததாக நடித்து.

ஐந்து முடிந்து மறுபடி குச்சி வைத்தோம்.
முப்பத்தொன்பது சுத்தம்.
அவர் பக்கத்துக் கிழக்கு மூலையில்
ஒரே குச்சி, அதில் மூன்று எறும்பு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு முறை எண்ணினார் ஃபுர்டாடோ.
எண்ணிவிட்டு,
தலை நிமிராமலே கேட்டார்:
"ருசியாகவாவது இருந்ததா?"

குச்சியை ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்று
உள்ளே வந்துவிட்டேன்.