நாலு விரல்

கொளப்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று
மூன்று வரி போர்டு என்னுடையது.
இங்கே மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது.
அப்போதெல்லாம் காகிதம் மெஷினுக்குள்
நமத்த அப்பளமாய் மடங்கும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பரிபூரணம் வந்தார்.
டான்டீயில் இன்னும் நாலு மாதச் சர்வீஸ்,
அப்புறம் கைக்கத்தியோடு
வீட்டுச் சாவியையும் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும்.

"அங்கிட்டு நிரந்தர விசா தாராங்களாம் தம்பி,
முன்னால இருந்தவங்களுக்கு.
ஒண்ணு போட்டு வையி."

பெயர் அடித்தேன்.
பிறந்த இடம் பொகவந்தலாவை.
எந்த எழுத்து நீளும் என்று நான் தடுமாற
எழுதத் தெரியாதவர்
வாயாலேயே நீட்டிக் காட்டினார்.

அடுத்த கட்டம்:
குடியுரிமை துறந்த தேதி.
தலையில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் தாண்ட முடியாது.

"துறக்கிறதுன்னா?"
"இருந்ததை விடுறதுக்கா."
"இருந்தாத்தானே.
எங்கப்பாருக்கும் இருந்ததில்ல.
செக்ரோல்ல பேரு இருந்துச்சு,
அரிசிக் கூப்பன்ல இருந்துச்சு.
அது ரெண்டையும் போடேன்."

கோடு போட்டேன். ஏற்கவில்லை.
பூஜ்யம் போட்டேன். ஏற்கவில்லை.
தலைமன்னாரில் கப்பலேறிய தேதியைப் போட்டதும்
பச்சை டிக் விழுந்தது.
ஐம்பது வருஷம் கழித்து
அந்த நாடு அவரைத் தன்னவள் என்றது,
விட்டுப்போனவளாக.

அழிக்கப் போனேன்.
"அது பொய்யாயிடும்க்கா."
"எது பொய்யி? கரை வர்ற வரைக்கும்
நான் வாந்தியெடுத்தது பொய்யா?"

அந்தத் தேதி அப்படியே இருக்கிறது.

டாலரில் வைப்புத்தொகை கேட்டது.
அவருடைய பி.எஃப். முழுவதையும் மாற்றிப் பார்த்து
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
பார்த்துவிட்டு, முந்தானையால்
அதன் கண்ணாடியில் இருந்த தண்ணீரைத் துடைத்தார்.
"சரி, மேல போ."

உறவினர் யாரேனும் அங்கே வசிக்கிறார்களா?
"அக்கா. சௌந்தரம்."
உறவுக்கு ஆதாரம்?

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து
குடும்ப அட்டை வந்தது.
பெஞ்சில் அப்பா, அம்மா, மடியில் ஒரு கைக்குழந்தை,
முன்னால் இரண்டு தம்பிகள்.
வலது ஓரத்தில் ஒன்பது வயசுப் பெண்,
நெஞ்சில் நம்பர் எழுதிய சிலேட்டு.
அந்தப் பெண்ணின் தோளில், படம் முடியும் விளிம்பில்,
நாலு விரல்.

"அக்காவுக்கு அப்பத்தான் கலியாணம் ஆயிருந்துச்சு.
அது புருசன் வீட்டுக் கணக்குல அங்கயே நின்னுருச்சு.
படம் புடிக்கிறவன்
நீ தள்ளும்மா, நீ தள்ளும்மான்னான்.
உடம்ப மட்டும் தள்ளிக்கிட்டா."

இதை ஆதாரமென்று எவன் ஒத்துக்கொள்வான் என்று
நான் சொல்லவில்லை.
ஸ்கேனரில் கவிழ்த்து மூடினேன்,
வெளிச்சம் ஒருமுறை நடந்து முடிந்தது.

படம் ஏறியது.
தளம் அதைத் தானே அளவெடுத்து
இரண்டு பக்கமும் நறுக்கிக் காட்டியது:
அப்பா, அம்மா, குழந்தை, தம்பிகள், சிலேட்டு.
விரல்கள் இல்லை.

திரும்ப ஏற்றினேன்.
படுக்கவைத்து, நிமிர்த்தி, சுருக்கி,
ஓரத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி
அகலத்தை ஏமாற்றிப் பார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் சரியாக
தோள் எலும்போடு வெட்டியது.

சேரம்பாடி பஸ் ஹாரன் அடித்தது.
சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு
முப்பது ரூபாயை மேஜையில் வைத்தார்.
"நீ பாத்துக்கிட்டே இரு.
நாளைக்கு எடை போட்டுட்டு வர்றேன்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
இப்போது அப்பாவை
இடது பக்கம் கொஞ்சம் வெளியே விட்டு
முயன்று பார்க்கிறேன்.