மதிப்புக்குரிய வாடிக்கையாளர்

பம்பலப்பிட்டியில் கடையொன்றின் மூன்றாம் மாடி.
ஐயாயிரம் ரூபாயை எண்ணி வைத்தேன்.
கை தன்பாட்டில் பைக்குள் போனது:
அடையாள அட்டை,
அதன் பின்னால்
மடித்து மடித்துக் கிழிந்த பொலிஸ் பதிவுத் துண்டு.
லொட்ஜை விட்டுப் பதினாறு வருடம்,
இன்னும் எறியவில்லை.

"ஐடி ஓன நே, மிஸ்" என்றாள் துஷாரி.
நகத்தில் பாதி உதிர்ந்த ஊதாப் பூச்சு.

பெயர் வரவேண்டிய இடத்தில்
'மதிப்புக்குரிய வாடிக்கையாளர்'
என்று அச்சடித்திருந்தது.
இந்த நகரம் என்னை
இப்படி அழைத்ததே இல்லை.

எந்த ஊர், ஏன் வந்தீர்,
யாரோடு இருக்கிறீர், எத்தனை நாளைக்கு
ஒன்றும் இல்லை.
நான் நான்கு இலக்கம், அவ்வளவுதான்.
நான்கையும் அழுத்தி
ஒரு சிவப்புக் குடை வாங்கினேன்.
மழையில்லாத காலி வீதியில்
விரித்துப் பிடித்தபடி
வெள்ளவத்தை மட்டும் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை
நூறாம் இலக்க பஸ் நெரிசலில்
அட்டை எங்கோ நழுவிவிட்டது.
தொலைபேசியில் ஒரு குரல்,
நல்ல தமிழ், நல்ல மரியாதை:
"அது உங்களுடையதுதான் என்பதற்கு
ஏதாவது ஆதாரம் இருக்கிறதா, மேடம்?"

சிரிப்பு வந்து
வைக்க மறந்துவிட்டேன் தொலைபேசியை.
"ஹலோ, மேடம்? ஹலோ?"

மிச்சம் மூவாயிரத்து நூற்றுப்பத்து.
தெஹிவளையில் யாரோ
கொத்துரொட்டி தின்னட்டும்.
யாரென்று நானும் கேட்கப்போவதில்லை.

குடை இருக்கிறது.
கைப்பிடியில் பெயரை எழுதிவைக்கலாம் என்று
பேனையைத் திறந்தேன்.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மூடினேன்.