ஐந்தில் ஒரு பங்கு

தாராபுரம் வட்டார வள மையத்தில்
ஆனிக் காற்றுக்கு எந்த ஜன்னலும் நிற்பதில்லை.
கொக்கி போன இடத்தில் செங்கல் முட்டுக்கொடுத்து,
ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன்.
நாற்பத்திரண்டு பேர்
மனசுக்குள் என்னை வைதுகொண்டே
பயிற்சிக் கையேட்டை விசிறியாக்கினார்கள்.
அச்சடித்த நாளிலிருந்து
அதற்குக் கிடைத்த முதல் உபயோகம்.

கருத்தாளர் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
பையில் கருத்து எதுவும் இல்லை.
மூன்று மெழுகுவத்தி, ஒரு வட்டில்,
எதிர் டீக்கடையில் கேட்டு வாங்கிய கண்ணாடி டம்ளர்,
சொட்டு நீலம் கலக்கிய ஒரு சொம்புத் தண்ணீர்.
கூட வந்த அர்த்தநாரி சார்
தீப்பெட்டிக்கு மட்டும் பொறுப்பு.
முப்பது வருச வேதியியல்
நாலாவது குச்சியில்தான் பற்றியது.

ஒன்றை ஏற்றி நிறுத்தி
டம்ளரைக் கவிழ்த்தேன்.
சுடர் குறுகியது, ஒருதரம் எம்பியது, போனது.
நீலம் சரசரவென்று உள்ளே ஏறிற்று.
"ஏனுங்க ஏறுது?"
கோரஸாக வந்தது விடை:
ஆக்சிஜன் தீர்ந்தது,
தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது,
காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு.
கடைசி பெஞ்சிலிருந்து மூலனூர் தெய்வாத்தா டீச்சர்
"இருபத்தொரு சதவீதமுங்க" என்று திருத்தினார்.

அடுத்து மூன்றையும் ஏற்றினேன்.
அதே டம்ளர். அதே தண்ணீர்.
நீலம் முன்னைவிட ஒரு விரல்கடை மேலே நின்றது.
"மூணு திரி வச்சா
டம்ளருக்குள்ள ஆக்சிஜன் கூடிப்போகுமுங்களா?"

பேச்சில்லை.
செங்கல்லின் சந்தில் காற்று ஊளையிட்டது.
ஒருவர் போனை எடுத்தார்,
என்ன நினைத்தாரோ, கவிழ்த்து வைத்தார்.

சொல்லிவிடுகிறேன்.
இதே விடையை
இருபத்திமூன்று வருசம் நானும் போர்டில் எழுதிப்போட்டேன்.
குண்டடத்தில் இருந்தபோது
நாகஜோதி என்று ஒரு பிள்ளை எழுந்து,
"எரியறப்ப சும்மாதானுங்க டீச்சர் இருந்துச்சு,
அணைஞ்ச பொறவுதான ஏறுது?" என்றாள்.
உட்காரு என்றேன்.
மணி அடிக்கப் பத்து நிமிசம்.
பாடம் பாதியில். மறுநாள் இன்ஸ்பெக்சன்.
காலாண்டுத் தேர்வில் அந்தக் கேள்விக்கு
'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.
சிவப்பு மையில் நான் போட்ட முட்டை
கோணாமல், அழகாக இருந்தது.

அர்த்தநாரி சார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.
சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம்
விளிம்பு வழியே குமிழாய்த் தப்பிப்போகும்.
மிச்சம் ஆறும், சுருங்கும்.
வெளியே இருக்கிற காற்று
தண்ணீரை உள்ளே தள்ளும்.
"குமிழியப் பாத்தவங்க கை தூக்குங்க."
ஐந்து பேர்.
"பாத்தும் ஏன் சொல்லல?"
"விடைதான் தெரியுமுங்களே சார்."

அப்புறம் மேசைக்கு மேசை நெருப்பு.
ஒரு டம்ளர் விரிசல் விட்டது,
வருகைப் பதிவேட்டில் மெழுகு சொட்டியது,
வேர்வையை யாரும் துடைக்கவில்லை.
தெய்வாத்தா டீச்சருக்கு வருகிற மே மாசம் ஓய்வு.
கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்:
முப்பத்தோரு வருசம், வருசத்துக்கு நாற்பது பிள்ளை.
பெருக்கல் குறி போட்டார்.
கீழே கோடும் இழுத்தார்.
விடை எழுதவில்லை.

சாயங்காலம் பின்னூட்டப் படிவங்கள் வந்தன.
பயிற்சி பயனுள்ளதா, ஆம் அல்லது இல்லை.
ஒருவர் எழுதியிருந்தார்: ஃபேன் போடவில்லை.
இன்னொன்றில் பேரில்லை, டிக் இல்லை,
பென்சிலில் ஒரு வரி:
மெழுகுவத்திக்குப் பதில் டம்ளரைச் சுடவைத்துக் கவிழ்த்தால்?
அதை மட்டும் மடித்துப் பையில் வைத்தேன்.
செங்கல்லை எடுத்ததும்
மற்ற நாற்பத்தியொன்றும் பறந்தன.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"என்னுங்க டீச்சர், மெழுகு ஒட்டியிருக்குது?"
"சுடுதண்ணி ஊத்துங்க, போயிரும்" என்றேன்.

ரோட்டைத் தாண்டப் போனவள் நின்று
"போயிரும்னு நெனைக்கறனுங்க," என்றேன்,
"ஊத்திப் பாருங்க."